யாரைக் கேட்பது? யாருக்குக் கீழ்ப்படிவது?

(ஜூபிலி நவநாள் மாலை வழிபாட்டில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கொடியும் தேரும் வாணவேடிக்கையும் நம் கண்முன் வருகின்றன. நல்லதுதான். ஆனால் ஆண்டவர் இஸ்ராயேல் மக்களுக்கு ஜூபிலி ஆண்டை ஏற்படுத்திய விதத்தை லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். கைமாறிப் போன காணி உரியவனிடம் திரும்பி வரும். வறுமையால் அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். ஐம்பது ஆண்டுகளில் கோணிப்போனவற்றையெல்லாம் நேராக்கும் ஆண்டு அது. காணி ஏன் கைமாறிப் போயிற்று? சிலருக்கு நோயால், சிலருக்குப் பஞ்சத்தால், இன்னும் சிலருக்குத் தாங்களே எடுத்த தவறான முடிவால். ஆகவே ஜூபிலி கொண்டாடும் நாம், நம் வீடுகளில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று இந்த மாலையில் சற்றே சிந்திப்பது பொருத்தமானது.

முடிவு எடுக்கும் முன் இரண்டு கேள்விகள் உண்டு. யாரைக் கேட்பது? யாருக்குக் கீழ்ப்படிவது? முதல் கேள்விக்கு விடை மனிதரிடம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை கடவுள் ஒருவரே. இந்த இரண்டையும் பிரிக்கிறபோதுதான் துன்பம் வருகிறது.

மாட்டுக்குச் சுழி பார்க்கிறோம்

நம் எலவனாசூர்கோட்டைச் சுற்றுவட்டாரத்து மக்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். உழவு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். போர் போடுவதென்றால் நீரோட்டம் பார்க்க ஆள் தேடுவோம். பக்கத்துக் கொல்லைக்காரர் எத்தனை அடியில் தண்ணீர் கண்டார் என்று விசாரிப்போம். இந்தப் பருவத்தில் கரும்பா, மரவள்ளியா, மக்காச்சோளமா என்று நாலு பேரிடம் பேசித்தான் ஏர் பூட்டுவோம்.

ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறோம், பெண்ணைக் கேட்பதில்லை. இரண்டு காணி நிலத்தை விற்று மகனை வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். மனைவிக்குக்கூடப் பத்திரம் பதிவான பிறகுதான் தெரிகிறது. பங்காளியோடு வழக்குப் போடுகிறோம். அன்று இரவு இருந்த ஆத்திரமே நமக்கு ஆலோசகர். மாட்டுக்கும் கிணற்றுக்கும் காட்டுகிற நிதானத்தை மனித வாழ்வுக்குக் காட்ட மறந்து போகிறோம்.

வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரம் செய்தார். தெரிந்து செயல்வகை என்று இன்னோர் அதிகாரம் செய்தார். நம் தமிழ் முன்னோர் இதை எவ்வளவு பெரிய காரியமாக எண்ணினார்கள் என்பதற்கு அதுவே சான்று. பரிசுத்த வேதாகமமும் இதில் மௌனமாக இல்லை.

தகப்பனும் மகனும்

சாலமோன் பட்டத்துக்கு வந்தபோது ஆண்டவர் அவருக்குக் கனவில் தோன்றி, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். நீண்ட ஆயுளும் செல்வமும் கேட்காமல், மக்களை நடத்த நன்மை தீமை அறியும் உள்ளத்தை அவர் கேட்டார். அந்தச் சாலமோனின் மகன் ரெகபெயாம். அவன் பட்டத்துக்கு வந்ததும் மக்கள் திரண்டு வந்து, தகப்பனார் சுமத்திய பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று முறையிட்டார்கள். ரெகபெயாம் மூன்று நாள் தவணை கேட்டான். முதியவர்களைக் கூட்டிக் கேட்டான். அவர்கள், மக்களுக்கு இரங்கிப் பேசினால் மக்கள் உன்னோடு இருப்பார்கள் என்ற கருத்தைச் சொன்னார்கள். பிறகு தன்னோடு வளர்ந்த வாலிபர்களைக் கேட்டான். அவர்கள், பாரத்தை இன்னும் கூட்டு என்றார்கள். அவன் அதையே செய்தான். பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் பிரிந்தன. நாடு இரண்டாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரெகபெயாம் ஆலோசனை கேட்காதவன் அல்லன். இரண்டு முறை கேட்டான்! மூன்று நாள் பொறுத்தும் இருந்தான். அப்படியானால் குறை எங்கே? அவன் மனத்தில் முடிவு ஏற்கெனவே இருந்தது. அதற்கு ஆமாம் போடுகிறவர்கள் கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே போனான். ஆலோசனை கேட்பது வேறு. ஆமோதிப்புத் தேடுவது வேறு. நம்மிலும் பலர் முதலில் மாமாவைக் கேட்கிறோம். அவர் வேண்டாம் என்றால் மச்சானைக் கேட்கிறோம். அவரும் வேண்டாம் என்றால் கூட்டாளியைக் கேட்கிறோம். அவன் ஜமாய் என்கிறான். உடனே, "எல்லாரையும் கேட்டுத்தானே செய்தேன் சாமி" என்கிறோம்!

நம் தமிழ் மண்ணின் புனிதர்

ஆலோசனை கேட்பதற்கும் கடவுளுக்குக் கீழ்ப்படிவதற்கும் முன்மாதிரியாக ஒருவரை இன்று உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் குருவானவர் அல்லர், துறவி அல்லர். உங்களைப் போல மனைவியோடு குடும்பம் நடத்தியவர், அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். அவர்தான் புனித தேவசகாயம் பிள்ளை.

1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர். அன்றைய பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில், பத்மநாபபுரம் அரண்மனையில் பொறுப்பான பணியில் இருந்தார். ஒரு காலத்தில் அவர் குடும்பத்தில் இழப்பு மேல் இழப்பு வந்தது. கால்நடைகள் மடிந்தன, சொத்து கரைந்தது, மனம் ஒடிந்தது. அப்போது அவர் யாரிடம் போனார்?

1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். அதன்பின் மன்னரிடம் பணி ஏற்று, அவருடைய படைக்குப் பயிற்சி அளித்தவர் டிலனாய் என்னும் தளபதி. அவர் கத்தோலிக்கர். நீலகண்டனுக்கு அவரோடு பழக்கம் ஏற்பட்டிருந்தது. துயரத்தோடு வந்தவரிடம் டிலனாய் என்ன செய்தார்? என் மதத்துக்கு வா, மாடு பிழைக்கும், பணம் சேரும் என்று ஆசை காட்டினாரா? இல்லை. யோபுவின் வரலாற்றைச் சொன்னார். எல்லாம் இழந்தும் ஆண்டவரை இழக்காத ஒரு மனிதனின் கதையைச் சொன்னார். துன்பம் வந்தவன் எல்லாம் பாவி என்று எண்ணாதே, துன்பத்தின் நடுவிலும் கடவுள் இருக்கிறார் என்பதே அந்தக் கதையின் சாரம். நல்ல ஆலோசகரின் முதல் அடையாளம் இது: கேட்பவனின் ஆசைக்குத் தீனி போடாமல் அவனைக் கடவுள் பக்கம் திருப்புகிறவர் அவர்.

நீலகண்டன் விசுவாசம் கொண்டார். ஞானஸ்நானம் பெற விரும்பினார். டிலனாய் அவரை வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குருவான புத்தாரி அடிகளிடம் அனுப்பி வைத்தார். தனக்குத் தெரிந்த அளவு சொல்லிவிட்டு, அதற்கு மேல் தெரிந்தவரிடம் அனுப்புவது இரண்டாவது அடையாளம். புத்தாரி அடிகளும் அவசரப்படவில்லை. அரண்மனை அலுவலர் ஒருவர் வந்துவிட்டாரே என்று மகிழ்ந்து உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை. அவருடைய உறுதியைச் சோதித்தார், வேத சத்தியங்களைப் போதித்தார், வரக்கூடிய ஆபத்தையும் எண்ணிப் பார்த்தார். பொறுத்திருக்கச் செய்வது மூன்றாவது அடையாளம். 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் நீலகண்டன், லாசர் என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று ஏற்று ஞானஸ்நானம் பெற்றார். முதலில் தயங்கிய மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் ஞானப்பூ என்ற பெயரோடு திருச்சபையில் சேர்ந்தார்.

இத்தனை நிதானமாக எடுத்த முடிவுக்குப் பலன் என்ன? செல்வம் வந்ததா? பதவி உயர்ந்ததா? 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கைது செய்யப்பட்டார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விலங்கும் அடியும் அவமானமும். விசுவாசத்தை விட்டுவிட்டால் பழைய நிலை திரும்பும் என்று ஆசை காட்டினார்கள். அவர் அசையவில்லை. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்திய நாட்டின் பொதுநிலையினருள் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர் அவரே.

அன்பர்களே, அவர் மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்றதற்கு என்ன காரணம்? கடவுளின் அருள், ஐயமில்லை. அந்த அருள் எந்த வழியாக வந்தது? ஒரு நண்பரின் உண்மையான சொல் வழியாக, ஒரு குருவின் பொறுமையான போதனை வழியாக, தன் உள்ளத்தில் தானே எண்ணிப் பார்த்த மாதங்கள் வழியாக வந்தது. அவசரத்தில் எடுத்த முடிவாக இருந்தால் முதல் சாட்டையடியில் தளர்ந்திருக்கும். தேர்ந்து தெளிந்து எடுத்த முடிவே துன்பத்தில் நிற்கும்.

யாரைக் கேட்பது?

தோபித்து தம் மகனுக்குச் சொன்ன புத்திமதிகளில், ஞானமுள்ளவர் யாராயினும் அவரிடம் ஆலோசனை கேள் என்பதும் ஒன்று. ஆனால் சீராக்கின் ஞான நூல் 37-ஆம் அதிகாரம் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. ஆலோசனை சொல்கிறவனுக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் பார் என்று எச்சரிக்கிறது. விற்கிறவனிடம் விலையைப் பற்றியும், கோழையிடம் போரைப் பற்றியும், சோம்பேறியிடம் வேலையைப் பற்றியும் கேட்டுப் பயன் என்ன என்ற பொருளில் அது பேசுகிறது.

இது நம் பகுதிக்கு எவ்வளவு பொருந்துகிறது! நம் கல்வராயன் மலையிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் ஆந்திரக் காடுகளுக்கு மரம் வெட்டப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். தரகன் வந்தான், கூலி அதிகம் என்றான், முன்பணம் நீட்டினான். என்ன மரம், எந்தக் காடு, பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவன் முழுவதும் சொல்லவில்லை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில், ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். இன்னும் எத்தனையோ பேர் ஆந்திரச் சிறைகளில் காலம் கழித்தார்கள். போனவர்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. வறுமை அவர்களைத் துரத்தியது. அந்தச் சாவுக்கு நியாயமும் தேவை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நீ எடுக்கும் முடிவால் எவனுக்குப் பணம் சேருகிறதோ, அவன் உனக்கு ஆலோசகன் அல்லன். கடவுச்சீட்டு வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டும், வட்டிக்குப் பணம் தருகிறவனும், நிலத் தரகனும் தங்கள் தொழிலைச் செய்கிறார்கள். அவர்களிடம் விவரம் கேட்கலாம். முடிவைக் கேட்கக் கூடாது.

அப்படியானால் யாரைக் கேட்பது? கடவுளுக்குப் பயந்து நடப்பவரை; அந்தக் காரியத்தில் அனுபவமுள்ளவரை; நாம் கோபித்துக்கொண்டாலும் உண்மையைச் சொல்லத் துணிந்தவரை. இந்த மூன்றும் உள்ளவர் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் தெருவில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஆயாவாகக்கூட இருக்கலாம்.

இன்னொருவரையும் மறக்கக் கூடாது. முடிவு யாருடைய வாழ்வைத் தொடுகிறதோ, அவரைக் கேட்க வேண்டும். திருமண ஓலை வாசிப்பதற்கு முன் மணமகனையும் மணமகளையும் நான் தனித்தனியே அழைத்து, முழு மனதோடு சம்மதிக்கிறாயா என்று கேட்கிறேன். "இதெல்லாம் எதற்கு சாமி, நாங்கள் பேசி முடித்துவிட்டோமே" என்று சில பெற்றோர் வருத்தப்படுகிறீர்கள். திருச்சபைச் சட்டம் 1057-ஆம் எண்ணைப் பாருங்கள். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம்தான். எந்த மனித அதிகாரமும் அந்தச் சம்மதத்துக்கு ஈடாக நிற்க முடியாது. தாய் தகப்பனாலும் முடியாது, சம்பந்தியாலும் முடியாது, ஆயராலும் முடியாது. அவ்வளவு பெரிய உரிமையைக் கடவுள் உங்கள் மகளின் நாவில் வைத்திருக்கிறார். அதை நடுவீட்டில் உட்கார வைத்துக் கேளுங்கள். கோவில் வாசலில் கண்ணீராகக் கேட்க வேண்டாம்.

எப்படித் தேர்ந்து தெளிவது?

லொயோலா புனித இஞ்ஞாசியார் மனம் திரும்பிய புதிதில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வழியில் ஒரு மூர் இனத்தவர் தேவதாயைப் பற்றி இழிவாகப் பேசிவிட்டார் என்று அவருக்குக் கோபம். துரத்திப் போய்க் குத்துவதா, விட்டுவிடுவதா என்று தெரியவில்லை. கடைசியில் தாம் ஏறிவந்த கோவேறு கழுதையின் கயிற்றைத் தளர்த்தி விட்டார். கழுதை அந்த மனிதன் போன பாதையில் போனால் குத்துவது, வேறு பாதையில் போனால் விடுவது! நல்ல வேளையாகக் கழுதை வேறு பாதையில் போயிற்று.

சிரிக்கிறீர்கள். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? பீடத்தின் முன் சீட்டு எழுதிப் போட்டு எடுக்கிறோம். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரலை வைக்கிறோம். கடவுள் கொடுத்த புத்தியைப் பயன்படுத்தாமல் கடவுளைச் சோதிக்கும் வழி இது. அதே இஞ்ஞாசியார், பின்னர் மன்ரேசாவில் செபத்திலும் தவத்திலும் கற்றுக்கொண்டு, ஞானப் பயிற்சிகளில் நமக்கு மூன்று எளிய வழிகளைத் தந்தார். முன்பின் தெரியாத ஒருவன் இதே சிக்கலோடு வந்தால் அவனுக்கு என்ன சொல்வேன்? மரணப் படுக்கையில் இருக்கும்போது எந்த முடிவை எடுத்திருக்கலாம் என்று நினைப்பேன்? தீர்ப்பு நாளில் ஆண்டவர் முன் எந்த முடிவோடு நிற்க ஆசைப்படுவேன்? இந்த மூன்று கேள்விகளோடு இன்னொரு எச்சரிக்கையும் தந்தார்: மனம் இருண்டு கலங்கியிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. ஆகவே ஆத்திரத்தில் வழக்குப் போடாதீர்கள். துக்க வீட்டில் பாகம் பிரிக்காதீர்கள். குடித்த நாவால் வாக்குக் கொடுக்காதீர்கள்.

யாருக்குக் கீழ்ப்படிவது?

கேட்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. கேட்டது கடவுளின் சித்தம் என்று தெளிந்த பிறகு அதைச் செய்ய வேண்டும். தேவதாய் கபிரியேல் தூதரிடம் எப்படி ஆகும் என்று கேட்டார்கள். விடை தெரிந்ததும் தம்மை அடிமையாகக் கையளித்தார்கள். நம் ஆண்டவரோ கெத்சமெனித் தோட்டத்தில், பாத்திரம் அகலட்டும் என்று மன்றாடிவிட்டுத் தந்தையின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். மன்றாடுவதில் குற்றமில்லை. விடை வந்த பிறகு ஓடிப்போவதுதான் குற்றம்.

சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "செபம் பண்ணி, நாலு பெரியவரைக் கேட்டு, நேர்மையாகத்தானே செய்தோம் சாமி. அப்படியும் நஷ்டம் வந்துவிட்டதே?" இந்தக் கேள்விக்கு நான் தேவசகாயத்தைத்தான் காட்டுவேன். கீழ்ப்படிதலுக்குக் கடவுள் லாபக் கணக்கு எழுதிக் கொடுக்கவில்லை. தாம் உடனிருப்பதாகத்தான் வாக்களித்தார். லஞ்சம் கொடுக்காமல் வேலை கிடைக்காமல் போகலாம். வரதட்சணை கேட்காமல் மகனுக்கு மணம் முடித்தால் உறவினர் ஏளனம் செய்யலாம். எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் சிலர் எழுந்து போகலாம். அப்போதும் அந்த முடிவு சரியானதே. ஏனெனில் நிலத்தின் விளைச்சல் வேறு, ஆன்மாவின் விளைச்சல் வேறு.

பங்காகக் கேட்போம்

தனி மனிதருக்குச் சொன்னது பங்குக்கும் பொருந்தும். ஆதித் திருச்சபையில் சிக்கல் வந்தபோது அப்போஸ்தலர்களும் மூப்பர்களும் எருசலேமில் கூடி விவாதித்தே முடிவெடுத்தார்கள். நம் புதுவை மறைமாவட்டத்தின் வரலாற்றிலும் அப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. 1844-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பொன்னான் ஆண்டகை தம் குருக்களைப் புதுச்சேரியில் ஒரு சங்கமாகக் கூட்டினார். ஆயர் என்ற முறையில் தாமே ஆணை பிறப்பித்திருக்கலாம். ஆனால் கூடிப் பேசி, இந்நாட்டு இளைஞரைக் குருக்களாக உருவாக்குவதும் கல்வியை வளர்ப்பதும் தலையாய கடமை என்று தீர்மானித்தார்கள். அதே 1844-ஆம் ஆண்டில் தந்தை துப்புயி பெண் பிள்ளைகளின் கல்விக்காக இந்நாட்டுக் கன்னியர் சபையைத் தொடங்கினார். அன்று கூடிப் பேசியதன் பலனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம்.

நம் பங்குப் பேரவையும் அப்படிக் கூட வேண்டும். உரத்த குரலில் பேசுகிறவர் மட்டும் ஆலோசகர் அல்லர். கடைசி வரிசையில் தலைக்கு முக்காடிட்டு உட்கார்ந்திருக்கும் விதவைத் தாய்க்கும் ஒரு கருத்து உண்டு. பரிசுத்த ஆவி யார் வாய் வழியாகப் பேசுவார் என்று நமக்குத் தெரியாது. பங்குத் தந்தையாகிய என்னையும் கேள்வி கேளுங்கள். நல்ல ஆலோசனை சொல்லுங்கள்.

ஆகவே இந்த ஜூபிலிக்கு ஒரு சிறிய தீர்மானம் எடுப்போம். பெரிய காரியம் எதையும் ஒரே இரவில் முடிவு செய்வதில்லை. நமக்கு முகத்துதி பேசாத ஒருவரையாவது கேட்போம். வீட்டில் மனைவியையும் வளர்ந்த பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுவோம். குடும்ப செபமாலை முடிந்தபின் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, ஆண்டவரே உமக்கு என்ன பிரியம் என்று கேட்போம். தெளிவு பிறந்தால், கசந்தாலும் அதைச் செய்வோம்.

ஞானத்தின் இருப்பிடமாகிய தேவதாய் நமக்கு நல்ல ஆலோசனை தருவாராக. புனித தேவசகாயம் நமக்காக மன்றாடுவாராக. எல்லாம் வல்ல இறைவன், பிதா சுதன் பரிசுத்த ஆவி, உங்கள் இல்லங்களையும் வயல்களையும், நீங்கள் எடுக்கப் போகும் ஒவ்வொரு முடிவையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.